காதுக்குப் பின்னால் கரித்தூசு

நெய்வேலியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்தக் குற்றத்தையும் தூக்கித் தூசின் தலையில் போட்டுவிடலாம். கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டி மங்கிப்போனால் தூசு. குழந்தைக்குச் சளி பிடித்தால் தூசு. டி.வி. ரிமோட் வேலை செய்யாவிட்டால் அதற்கும் தூசு. எங்கள் பிளாக்கில் ஒரு அம்மா, மகன் கணக்கில் ஃபெயிலானதற்குக்கூடத் தூசைத்தான் காரணம் சொன்னார். பரீட்சை அன்று பார்த்து அவன் கண்ணில் தூசு விழுந்துவிட்டதாம். நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஊரைப் பார்த்துச் சிரித்தால் அது நம் வீட்டுக்கும் வரும் என்பார்கள். வந்தது, நேராக என் முகத்துக்கே வந்தது.

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பகுதியில் பர்மனென்ட் தொழிலாளி. நான் சொல்வது இரண்டாயிரத்துப் பதினான்கு, பதினைந்து வாக்கில். அப்போது அவருக்கு அந்த பெல்ட்டோடு இருபத்தைந்து வருடப் பழக்கம். வெட்டிய நிலக்கரியைச் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிற பெல்ட் அது. அடியில் வரிசையாக ரோலர்கள் சுழலும். எந்த ரோலர் மக்கர் செய்யப்போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாராம். கூட வேலை செய்பவர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு. விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அண்ணாந்து பார்த்து, "இந்த ஃபேன்ல பேரிங் போவப் போவுதுங்க" என்பார். என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் ஏறெடுத்துப் பார்த்தது என் முகத்தையா மின்விசிறியையா என்று கணக்கெடுத்தால் மின்விசிறிதான் ஜெயிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு மூக்கின் நுனியில் கோபம். அவருக்குக் கோபம் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஐம்பதை நெருங்கியும் அவர் தலை காக்கைச் சிறகு. எனக்கு முப்பத்தேழிலேயே நெற்றியோரம் வெள்ளி கட்டிவிட்டது. அதைப் பற்றி நான் ரொம்பக் கவலைப்பட்டதில்லை, அந்த மந்தாரக்குப்பம் துணிக்கடைக்குப் போகும்வரை.

தீபாவளிக்கு அவருக்குச் சட்டை எடுக்கப் போயிருந்தோம். கடைக்காரர் சட்டையை விரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "அக்கா, தம்பிக்கு நாப்பதா, நாப்பத்திரண்டா?" என்று கேட்டார். தம்பி என்றது என் வீட்டுக்காரரை. இவர் சிரித்துக்கொண்டே "நாப்பத்திரண்டுங்க" என்று சைஸைச் சொன்னாரே தவிர, வேறு ஒன்றும் சொல்லவில்லை.

தெருவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நான் உங்களுக்கு அக்காவா? இவதான் என் பொண்டாட்டின்னு வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"அவரு சைஸுதானம்மா கேட்டாரு" என்றார்.

அடுத்த வாரமே ஒரு பாக்கெட் ஹேர் டை என் சமையலறைக்குள் வந்துவிட்டது. அரிசி டப்பாவுக்குப் பின்னால், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் அதன் குடித்தனம். மகள் சென்னையில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். மாதம் ஒருமுறை, அவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் இருக்கும் வாரத்தில், விடியற்காலை அவர் கிளம்பிப் போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். பழைய நைட்டி, உடைந்த பிளாஸ்டிக் கிண்ணம், தேய்ந்த டூத் பிரஷ். பூசி, ஊறி, அலசி முடிக்கும்போது மணி ஒன்பதாகியிருக்கும். வீட்டில் அந்த நெடி நிற்கக் கூடாதே என்று சாம்பிராணி போடுவேன். மத்தியானம் இரண்டரைக்கு அவர் வரும்போது வீடு கோயில் மாதிரி மணக்கும்.

அவரிடம் ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்கலாம். இவருக்காகத்தான் டை அடிக்கிறேன் என்று இவருக்கே தெரிந்துவிட்டால் என் கௌரவம் என்ன ஆவது? திடீரென்று தலை கறுத்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே. பண்ருட்டியில் என் அண்ணன் வீட்டுப் பக்கம் ஒரு கடையில் விற்கிற கரிசலாங்கண்ணித் தைலம்தான் என்று சொல்லிவைத்தேன். அவர் நம்பினார். நம்பியதோடு நிற்காமல், பண்ருட்டிப் பக்கம் எப்போது போனாலும் மறக்காமல் ஒரு பாட்டில் வாங்கி வந்து தந்தார். "எண்ணெய் நல்லா வேலை செய்யுதும்மா" என்று சர்ட்டிஃபிகேட் வேறு. இவரைப்போல ஒரு அப்பாவியை இந்தக் கடலூர் மாவட்டத்திலேயே பார்க்க முடியாது என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

அப்படி ஏழெட்டு வருஷம் ஓடியது. நடுவில் ஒருமுறை, மேல்பட்டாம்பாக்கத்தில் அவருடைய சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்து வாசலில் நின்று புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். இவர் கைக்குட்டையை எடுத்து, தண்ணீர் பாட்டிலில் நனைத்து, என் காதுக்குப் பின்னால் அழுத்தித் துடைத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"என்னங்க இது, நடு வாசல்ல?"

"கரித்தூசும்மா. ஒட்டிகினு இருந்துச்சு."

"பாருங்க, உங்க மைன்ஸ் தூசு என் காது வரைக்கும் வந்துடுச்சு" என்று அங்கேயே அவருக்கு ஒரு குட்டு வைத்தேன். அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வருஷம் காதுக்குப் பின்னால் அரிக்க ஆரம்பித்தது. பிறகு நெற்றியோரம். அப்போது நான் பழைய பாக்கெட்டை விட்டு, பச்சை இலைப் படம் போட்டு 'மூலிகை' என்று எழுதிய ஒரு புது பாக்கெட்டுக்கு மாறியிருந்தேன். மூலிகை என்றால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்பதுதானே நம் எண்ணம். ஒரு நாள் காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் இமை இரண்டும் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தன. நெற்றியில் சிவப்பு சிவப்பாகத் தடிப்பு, காது மடலில் நீர்க்கசிவு. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஒரு களிம்பு வாங்கிப் போட்டேன். பத்து நாளில் அடங்கியது. அடுத்த மாதம் மறுபடியும் வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிகமாக வந்தது. தடித்த இடமெல்லாம் காய்ந்து கறுத்து, நெற்றியில் ஒரு பட்டையே விழுந்துவிட்டது. கடைக்குப் போக முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.

எனக்கு ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரவில்லை. தூசு. வேறென்ன? காதுக்குப் பின்னால் கரித்தூசு ஒட்டியிருந்ததை இவர் கையாலேயே துடைத்தாரே, அதைவிடச் சாட்சி வேண்டுமா?

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் போட்டேன். வேலை உடையோடு முன்வாசல் பக்கம் வரவே கூடாது. பின்பக்கமாக வந்து, துவைக்கிற கல்லுக்கு அருகே இருக்கும் குழாயில் தலையோடு குளித்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். பூட்ஸ் வெளியே. அவர் உடுப்புக்குத் தனி பக்கெட், தனி சோப்பு. படுக்கை ஹாலில். மார்கழிக் குளிரிலும் வெட்டவெளியில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மாலை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க்கா, வருஷம் முழுக்க" என்று இவர் சொல்ல, எனக்கு அதற்கும் கோபம்.

இவ்வளவும் செய்து என் முகம் சரியானதா என்றால், இல்லை. அடுத்த மாதமும் வீங்கியது. பலாப்பழ சீசனில் பண்ருட்டிக்குப் போய் அண்ணன் வீட்டில் ஒரு மாதம் தங்கினேன். அங்கே பத்தே நாளில் முகம் தெளிந்துவிட்டது. அண்ணி என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்து, "இப்பத்தான் மூஞ்சி மூஞ்சியா இருக்கு. அந்த ஊரு தூசுதான் உனக்கு ஆகல" என்றார். அண்ணி வீட்டில் அவர் கண்ணுக்கு முன்னால் டை அடிக்க முடியாதே, அதனால் அந்த மாதம் தலையில் முழத்துக்குப் பூ வைத்து நரையை மறைத்துச் சமாளித்திருந்தேன். நெய்வேலிக்குத் திரும்பிய மறுநாளே முதல் வேலையாக டப்பாவைத் திறந்தேன். மூன்றாம் நாள் கண்ணே திறக்க முடியவில்லை.

ஊரை விட்டுப் போனால் முகம் சரியாகிறது, ஊருக்குள் வந்தால் வீங்குகிறது. இதற்குமேல் யாரிடம் போய்த் தீர்ப்புக் கேட்க? அன்று மத்தியானம், குழாயடியில் குளித்து ஈரத் துண்டோடு நின்ற மனுஷனிடம் சொன்னேன்.

"ஒண்ணு நீங்க மைன்ஸை விட்டு வெளியில வாங்க. இல்ல, நான் எங்க அண்ணன் வீட்டோட போய் இருந்துக்கிறேன். ரெண்டுல ஒண்ணு."

அவர் துண்டைப் பிழிந்தார். மறுபடியும் பிழிந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் வராத பிறகும் பிழிந்துகொண்டிருந்தார்.

"டவுன்ஷிப் பக்கம் ஸ்டோர்ஸுக்கு மாத்திக் கேக்கலாம். எழுதிக் குடுத்துப் பாக்கறேன்" என்றார்.

அவர் அதற்கு ஒத்துக்கொண்டது என்ன விலைக்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த பெல்ட்டின் பக்கத்தில் நின்றால்தான் அவர் காதுக்கு மதிப்பு. ஸ்டோர்ஸில் உட்கார்ந்து போல்ட்டையும் நட்டையும் எடுத்துக் கொடுப்பதற்கு அந்தக் காது எதற்கு? ஓய்வுபெற இன்னும் பத்து வருஷம்கூட இல்லை. தன் ஆட்களோடு அந்த பெல்ட்டிலேயே இருந்து, அங்கிருந்தே மாலையோடு வீட்டுக்கு வர வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் கேட்டேன். வீங்கிய முகத்தோடு கண்ணாடி முன் நின்றால் அப்போது நியாயம் எல்லாம் தோன்றாது.

முழுநீள வெள்ளைத்தாளில் விண்ணப்பத்தை எழுதி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனைவிக்குத் தூசு ஆகாது என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்தால் நல்லது என்று யாரோ சொன்னார்களாம். அதற்காகத்தான் கடலூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். வைத்தியத்துக்குப் போகவில்லை, கடிதத்துக்குப் போனோம். இப்போது நினைத்தால் எனக்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். நான் விஷயத்தைச் சொல்லி, "ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா போதும் டாக்டர்" என்றேன்.

"முதல்ல தூசுதானான்னு பாப்போம்மா. கழுத்துக்கு மேல என்னெல்லாம் போடறீங்களோ அத்தனையும் எடுத்துட்டு வரச் சொல்லி ஃபோன்லயே சொன்னேனே?"

கொண்டுபோயிருந்தேன். சோப்பு, பவுடர், ஃபேஸ் கிரீம், குங்குமம், ஸ்டிக்கர் பொட்டு, தேங்காய் எண்ணெய், இவர் வாங்கித் தந்த கரிசலாங்கண்ணித் தைலம். டாக்டர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்னால் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார். பிறகு என் வகிட்டை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ஹேர் டை போடறீங்களா?"

"அய்யய்யோ, இல்லைங்க டாக்டர். எங்க வம்சத்துல யாருக்கும் சீக்கிரத்துல நரைக்காது."

என் அண்ணனுக்கு முப்பது வயசிலேயே தலை பஞ்சு. பொய் சொல்லும்போது எனக்கு வம்சமெல்லாம் துணைக்கு வந்துவிடும். பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, "டாக்டர், இந்த ஃபேன்ல பேரிங் மாத்தணுங்க" என்றார். மனைவிக்கு முகம் வெந்துகொண்டிருக்கும்போதும் இவருக்கு ஃபேன்தானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

டாக்டர் வற்புறுத்தவில்லை. மாத்திரையும் களிம்பும் எழுதிக் கொடுத்து, அவர் தந்த சோப்பைத் தவிர முகத்திலோ தலையிலோ வேறெதுவும் படக் கூடாது என்றார். முகம் நன்றாக அடங்கியதும் வரச் சொன்னார். முதுகில் ஒரு டெஸ்ட் செய்ய வேண்டுமாம்.

வகிட்டில் வெள்ளைக் கோடு விழுந்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரே ஒரு தடவை, ஓரத்தில் மட்டும் என்று பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். பாக்கெட்டைக் காணோம். அரிசி டப்பா, பருப்பு டப்பா, பரண், எல்லா இடமும் தேடினேன். கிடைக்கவில்லை. எங்கேயோ கைமறதியாக வைத்துவிட்டேன் என்று விட்டுவிட்டேன். அந்த மாதம் நெய்வேலியிலேயே இருந்தும் முகம் வீங்கவில்லை. மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பார்க்காமல் இருப்பதில் நான் கெட்டிக்காரி.

மறுபடி போனபோது டாக்டர் என் முதுகில் சின்னச் சின்ன வட்டங்களாக மருந்து வைத்த பிளாஸ்திரியை ஒட்டினார். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பொருள். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக் கூடாது. மூன்றாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, போனோம். பிரித்துப் பார்த்தார். அத்தனை வட்டமும் சாதுவாக இருக்க, ஒன்று மட்டும் சிவந்து புடைத்து, கொப்புளம் கட்டியிருந்தது. தூசு தோலில் பட்டு இப்படி ஆகவில்லை என்றார். அந்த வட்டத்தில் இருந்த பொருளுக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார்.

"இது பெரும்பாலும் கறுப்பு ஹேர் டையில இருக்கறதும்மா. நீங்க டை போடறதில்லன்னு சொல்றீங்க. அப்ப இது உங்க முகத்துக்கு எங்கேருந்து வருது?"

குரலில் கண்டிப்பு இல்லை. எனக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

பின்னாலிருந்து இவர் குரல் வந்தது. "நான் போடறேங்க டாக்டர்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நான்தாங்க தலைக்கு டை போட்டுகினு இருக்கேன். ரொம்ப வருஷமா. தலகாணியில பட்டு அவங்களுக்கு ஒட்டிகினு இருக்கும். அவங்க மேல தப்பில்லீங்க."

டாக்டர் அவருடைய தலையைப் பார்த்தார். பிறகு மீசையைப் பார்த்தார். மீசையில் நாலைந்து வெள்ளை முடி பளிச்சென்று இருந்தது.

"மீசைக்குப் போடறதில்லையா சார்?"

"இல்லீங்க. தலைக்கு மட்டுந்தான்" என்றார், அசராமல்.

ஒரு வருஷமாகத் தூசுப் பழியைச் சுமந்த மனுஷன், என் தலையில் இருந்ததையும் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவருக்குத் தெரியும். எப்போதிலிருந்தோ தெரியும். அந்த அறையிலேயே, டாக்டர் முன்னாலேயே, நான் அழுதுவிட்டேன்.

"அவரு இல்ல டாக்டர். நான்தான். எட்டு வருஷமா நான்தான் போடறேன்."

டாக்டர் தண்ணீர் கொடுத்தார். திட்டவில்லை. இனி வாழ்நாளுக்கும் இந்தப் பொருள் உள்ள எதையும் தொடக் கூடாது, அடுத்த தடவை இதைவிட மோசமாக வரலாம் என்றார். அது மூலிகை டை, பச்சை இலைப் படமெல்லாம் போட்டிருந்தது என்று நான் சொன்னதற்குச் சிரித்தார்.

"மருதாணி இலை தலையைச் செம்பட்டையாக்கும்மா. அரை மணி நேரத்துல கறுப்பாக்குதுன்னா உள்ள வேற என்னமோ கலந்திருக்குன்னு அர்த்தம். முன்பக்கம் என்ன படம் இருக்குன்னு பாக்காதீங்க. பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஒண்ணுமே எழுதலன்னா வாங்காதீங்க."

பஸ் குறிஞ்சிப்பாடியைத் தாண்டியது. பிறகு நான்தான் ஆரம்பித்தேன்.

"எப்பேருந்து தெரியும்?"

"மொத மாசத்துலேருந்து. வெள்ளிக்கிழமை போடற சாம்பிராணியப் புதன்கிழமை போட்டா எனக்குத் தெரியாதா? தலகாணி உறையில வேற கறுப்பா இருந்துச்சு."

"அப்ப அந்தத் தைலம்? பாட்டில் பாட்டிலா வாங்கிட்டு வந்தீங்களே?"

"நீ சொல்லிகினு இருந்த. நான் வாங்கியாந்தேன்."

"மேல்பட்டாம்பாக்கத்துல, கல்யாணத்துல..."

"டைதான். காதுக்குப் பின்னாடி ரூபா அகலத்துக்கு இருந்துச்சு. சொந்தக்காரங்க எல்லாம் நிக்கறாங்க, என்ன சொல்றது? தூசுன்னேன்." வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த ஒரு வார்த்தையப் புடிச்சிகினு நீ என்னை வருஷம் முழுக்கக் குழாயடியில நிக்க வெப்பேன்னு நான் கண்டனா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "டையாலதான் வீங்குதுன்னு உங்களுக்குத் தோணலையா?"

"சத்தியமா நானும் தூசுன்னுதான் நெனச்சேன். அந்த டாக்டரம்மா மொதநாள் கேட்டப்பதான் பொறி தட்டுச்சு. நீ இல்லன்னுட்ட. சரி, டெஸ்ட்டு வரட்டும், அதுவரைக்கும் நீ போடாம இருந்தா போதும்னு பாக்கெட்ட எடுத்துக் குப்பையில போட்டுட்டேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"நீ மறைச்சு வெச்சிருக்கறத நான் எப்படிக் கேக்கறது?" என்றார். அவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

அதற்குப் பிறகு நான் கடைக்காரர்களுக்குப் பெரிய தலைவலி ஆகிவிட்டேன். அவருடைய படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் பார்ப்பேன். டையில் மட்டுமா இந்த வம்பு இருக்கிறது? முகம் வெளுக்கும் என்று ஒரு கிரீம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று ஒரு எழுத்து இல்லை. அரை மணியில் கறுப்பாகச் சிவக்கும் என்று மெஹந்தி கோன், அதைக் குழந்தை கையில் வைக்கிறார்கள். மந்தாரக்குப்பத்தில் ஒரு கடைக்காரர், "எல்லாரும் வாங்கறாங்கக்கா" என்றார். "ஊரே கிணத்துல விழுந்தா நானும் விழணுமா தம்பி?" என்று கேட்டேன். சுரங்கத்தில் ஒரு சுவிட்ச் பெட்டிக்குக்கூட மண்டையோட்டுப் படம் போட்டு எச்சரிக்கை வைத்திருப்பதாக இவர் சொல்வார். பெண்கள் தலையில் பூசுகிற பாக்கெட்டிலோ ஒரு பொண்ணு பல்லைக் காட்டிச் சிரிக்கிறாள். காதுக்குப் பின்னால் துளி தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போடவும் என்று என் மூலிகை பாக்கெட்டின் உள்மடிப்பில், எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது. எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா அதே பாக்கெட்தான் வாங்கிவைத்திருந்தார், அவரிடம் வாங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அழகாக இருக்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அதற்குத் தோலை உரித்துக் கொடுக்க வேண்டியதில்லை என்று தயாரிக்கிறவர்களுக்குத்தான் யாராவது சொல்ல வேண்டும். அந்த அக்கா பாக்கெட்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். என் தலை இப்போது முழு வெள்ளை. சட்டைக் கடையில் யாராவது தம்பி என்று ஆரம்பித்தால், "தம்பி இல்லீங்க, வூட்டுக்காரரு" என்று இவர் முந்திக்கொள்கிறார்.

கடலூரிலிருந்து திரும்பியதற்கு அடுத்த திங்கட்கிழமையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விண்ணப்பத்தைக் கொடுப்பதாக இருந்த நாள் அது. சட்டையைத் துவைக்கப் போடும்போது பையிலிருந்து அந்தத் தாளை நான் எடுத்து பீரோவில் வைத்துவிட்டேன். அவர் எப்போதும்போல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்குப் போனார், அதே பெல்ட்டுக்கு.

இரண்டரை மணிக்கு சைக்கிள் சத்தம் கேட்டது. வாசலைக் கடந்து நேராகப் பின்பக்கம் போகத் திரும்பினார். பழகிப்போய்விட்டது. நான் முன்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன்.

"எங்க போறீங்க?"

"குளிச்சிட்டு வரேன்."

"இப்படியே உள்ள வாங்க."

"தரையெல்லாம் கரியாவும்மா."

"ஆகட்டும், வாங்க."

யாரோ வீட்டுக்கு வருகிறவர் மாதிரி ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். வாசற்படியிலிருந்து நாற்காலிவரை பூட்ஸ் தடம் கறுப்பாக விழுந்தது. உட்கார்ந்ததும், நான் எதிர்பார்த்ததுபோலவே, அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் காதுக்குப் பின்னால் ரூபாய் அகலத்துக்குக் கறுப்பாக இருந்தது. புடவைத் தலைப்பைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து அழுத்தித் துடைத்தேன். தலைப்பு கறுத்தது.

"என்னது?" என்றார்.

"கரித்தூசுங்க. இது நிஜம்."

அவர் சிரித்தார். நான் அந்தத் தடங்களை அன்று சாயங்காலம்வரை துடைக்கவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் முன்வாசல் வழியாக வந்த தடம் அல்லவா அது.